ஹெட் கான்ஸ்டபிள் அய்யாவுவின் ஞாயிற்றுக்கிழமை

போலீஸ்காரர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிய அன்றுதான் ஹெட் கான்ஸ்டபிள் அய்யாவுக்குப் புதிய தலைவலி ஆரம்பித்தது. அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். அதற்கு முன்னால் அவர் தலைவலி இல்லாமல் இருந்தார் என்று அர்த்தமில்லை. மர்பி டவுனில் பிறந்து வளர்ந்து, பெங்களூர் போலீஸில் சேர்ந்து, அதிலேயே தலை நரைத்துப் போனவர். காவிரிக் கலவரத்தின்போது ஸ்ரீராம்புரம் முனையில் லத்தியோடு நின்று, ஒரு பக்கம் தமிழிலும் மறு பக்கம் கன்னடத்திலும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். இரண்டு பாஷையும் நமக்கு ஏன்தான் இவ்வளவு நன்றாகப் புரிந்து தொலைக்கிறதோ என்று அன்றைக்குத் தன்னையே நொந்துகொண்டார்.

போலீஸுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. ஸ்டேஷனில் அதற்கு 'வீக்லி ஆஃப்' என்று பெயர். சட்டத்தில் இருக்கிறது, சுவரில் ஒட்டிய அட்டவணையில் இருக்கிறது, ஆளுக்கு மட்டும் கிடைப்பதில்லை. ஊர்வலம், மாநாடு, மந்திரி வருகை, கிரிக்கெட் மேட்ச், பிள்ளையார் கரைப்பு என்று ஏதாவது ஒரு பந்தோபஸ்து வந்து நிற்கும். இன்ஸ்பெக்டர் அட்டவணையைப் பார்ப்பார், அன்றைக்கு யாருக்கு ஆஃப் என்று கண்டுபிடிப்பார், அவனையே முதலில் கூப்பிடுவார். அவன்தான் வேறு வேலை இல்லாமல் இருக்கிறான் என்பது அவர் கணக்கு.

கல்யாணமான புதிதில் மனைவி சின்னத்தாயி இதைப் பற்றிக் கேட்டபோது, போலீஸ் வேலையில் லீவு என்பதே கிடையாது என்று அய்யாவு சொல்லிவைத்தார். இருக்கிறது, ஆனால் கொடுக்க மாட்டார்கள் என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட அது சுலபமாக இருந்தது. சின்னத்தாயியும் நம்பிவிட்டாள். கல்யாணங்களுக்குத் தனியாகப் போனாள், ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள், 'அவரு பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு' என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, பந்தோபஸ்து என்பது புருஷனுடைய சின்ன வீடு மாதிரி அவளுக்குப் பழகிப்போனது. லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு ஒரு தடவை கூட்டிப்போகச் சொல்லி மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அய்யாவு அந்தக் கண்காட்சிக்குத் தவறாமல் போகிறவர்தான், டியூட்டிக்கு. அவருக்கு லால்பாக் என்றால் ஜனங்களின் முதுகு. பூவை அவரும் பார்த்ததில்லை.

சரி, மன அழுத்தத்துக்கு வருவோம்.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும், மனம் கஷ்டப்படும் போலீஸ்காரர்கள் அவரிடம் வந்து மனம் விட்டுப் பேச வேண்டும் என்பது திட்டம். இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா அய்யாவுவை அனுப்பினார். காரணம் அவருடைய கனிவு இல்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர், ஓடிப் பிடிக்க முடியாது, ஸ்டேஷனில் அவர் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது, அவ்வளவுதான். மௌரீன் என்ற மனநல ஆலோசகர் அம்மா பயிற்சி கொடுத்தார். நல்ல பெண்மணி. மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார், எதிரில் இருப்பவர் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்கச் சொன்னார். வாழ்நாளெல்லாம் குறுக்கே பேசுவதையே தொழிலாகச் செய்தவருக்கு அது கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

திரும்பி வந்ததும் கோவிந்தப்பா காலையில் பெயர் கூப்பிடும் ரோல் காலின்போது உத்தரவு போட்டார். டென்ஷன் உள்ளவர்கள் மத்தியானம் அய்யாவுவிடம் ரிப்போர்ட் செய்து டென்ஷனைத் தீர்த்துக்கொண்டு டியூட்டிக்குத் திரும்ப வேண்டும். டென்ஷன் இல்லாதவர்களும் வாரம் ஒருவராகப் போக வேண்டும். பிடிபட்ட சைக்கிள்களையும் திருட்டு ஸ்டவ்களையும் போட்டு வைத்திருந்த அறையில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டார்கள். அய்யாவுக்கு அவருடைய பழைய வேலையில் ஒரு துளிகூடக் குறைக்கவில்லை.

வந்தவர்கள் விறைப்பாக நின்றார்கள். உட்காரு என்றால் உட்காரவில்லை. மனசில் உள்ளதைச் சொல் என்றால், ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொடுப்பது போல, மேற்படி தேதியில் மேற்படி இடத்தில் என்று ஆரம்பித்தார்கள். அரைப் பக்கம் போன பிறகுதான் அது பெண்டாட்டியோடு நடந்த சண்டை என்று தெரியும். ஒருவர் தன் மாற்றலுக்கு சிபாரிசு கேட்டார். இன்னொருவர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டார். அவரை எழுப்பாமல் விட்டதுதான் அந்தத் திட்டத்தில் தான் செய்த உருப்படியான காரியம் என்று அய்யாவு பின்னால் சொல்வதுண்டு.

அப்போதுதான் ரங்கா வந்தான். ஸ்ரீராம்புரத்துப் பையன், கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. நல்ல உழைப்பாளி என்ற ஒரே குற்றத்துக்காக எல்லாப் பந்தோபஸ்துக்கும் அவனையே போட்டுக் கசக்கிப் பிழிந்திருந்தார்கள். இரண்டு மாதமாக ஆஃப் இல்லை. ஒரு நாள் பொழுது விடிந்து வீட்டுக்குப் போயிருக்கிறான். குழந்தை அழுதிருக்கிறது. மனைவி சொர்ணம் ஏதோ கேட்டிருக்கிறாள். இவன் கையிலிருந்த லத்தியை ஓங்கிவிட்டான். அடி அவள் மேல் விழவில்லை, பக்கத்து அலமாரியில் விழுந்து பாத்திரமெல்லாம் உருண்டது. சொர்ணம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பொம்மனஹள்ளியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

குறுக்கே பேசக் கூடாது என்ற பாடம் அய்யாவுக்கு அந்த நிமிஷமே மறந்துவிட்டது. கன்னாபின்னாவென்று திட்டினார். ரவுடியிடம் ஓங்க வேண்டியதைக் கட்டியவளிடம் ஓங்குகிறாயா, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டார். ரங்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு நிதானமாகச் சொன்னான்.

"அவ இன்னா சொல்றா தெரியுமாண்ணா? அடிச்சிருந்தாகூட அழுதுட்டு இருந்திருப்பாளாம். வீட்டுக்கு வர்றவன் யாருன்னே தெரியலியாம். ஒரு நாள், காலைல இருந்து சாயங்காலம் வரிக்கும், டூட்டி இல்லாத மனுஷனா வந்து ஒக்காரு, அப்பால பேசலாம்ங்கறா. மூணு தபா வர்றேன்னு சொல்லி போக முடியல. இன்னொரு தபா ஏமாத்துனா வரவே வேணாம்னுட்டா."

அவனுக்கு வேண்டியது இவ்வளவுதான், ஒரே ஒரு முழு நாள். மூச்சுப் பயிற்சி வேண்டாம், ஆலோசனை வேண்டாம், அவனுக்குச் சட்டப்படி சொந்தமான ஒரு நாள் போதும். இதைக்கூட வாங்கித் தர முடியாவிட்டால் இந்த மேஜையும் நாற்காலியும் எதற்கு என்று அய்யாவுக்கு எரிச்சல் வந்தது. நேரே கோவிந்தப்பாவிடம் போனார்.

கோவிந்தப்பா கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே நாலு பேர் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். கவுன்சிலிங் கொடுக்கச் சொன்னால் லீவுக்கு சிபாரிசு கொண்டு வருகிறாயே, அந்தப் பையனை நன்றாக மூச்சு விடச் சொல்ல வேண்டியதுதானே என்று அவர் கன்னடத்தில் கேட்டார். அய்யாவு விடவில்லை. காலையில் போய் நின்றார், மத்தியானம் போய் நின்றார், காபி கொண்டுபோகும் சாக்கில் போய் நின்றார். கடைசியில் தொல்லை தாங்காமல் கோவிந்தப்பா அந்த ஞாயிற்றுக்கிழமையை ரங்காவுக்குக் கொடுத்தார். ரங்கா பொம்மனஹள்ளியில் மாமியாரின் பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு, ஞாயிறு காலையில் வந்துவிடுவேன் என்று சொல்லச் சொன்னான். போனை வைத்துவிட்டு அவன் சிரித்ததைப் பார்த்து, இந்தப் பயலுக்குப் பல் இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிகிறது என்றார் அய்யாவு.

சனிக்கிழமை சாயங்காலம் வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. மறுநாள் ஒரு கல்யாண மண்டபத்தில் போலீஸாருக்கு மன அழுத்த நிவாரண முகாம், துணைக் கமிஷனரான டி.சி.பி. தொடங்கி வைக்கிறார், காலை முதல் மாலை வரை. டியூட்டி கெடக் கூடாது என்பதால், ஞாயிற்றுக்கிழமை வீக்லி ஆஃப் உள்ளவர்கள் அனைவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்.

அய்யாவு வயர்லெஸ் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். அது அரசாங்கச் சொத்து என்பதால் தப்பித்தது. கோவிந்தப்பாவிடம் ஓடினால், அவர் இரண்டு கையையும் விரித்தார். மேலிடத்து உத்தரவு, பையனின் மனசுக்கு நல்லதுதானே, மனைவியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் ரங்கா நின்றுகொண்டிருந்தான். அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்லண்ணா" என்றான். இப்படிப் பரவாயில்லை என்று சொன்ன இரண்டு மூன்று பேரை அய்யாவு முன்பே பார்த்திருக்கிறார். அதில் ஒருவன் இப்போது உயிரோடு இல்லை.

"நீ பொம்மனஹள்ளிக்குப் போ. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதற்குமேல் எதுவும் கேட்காதே, சொல்லாதே என்றும் சொல்லிவிட்டார். சர்வீஸில் ஒரு நாளும் செய்யாத வேலையைச் செய்யப் போகிறோம் என்பதால் அன்றைக்கு அவருக்கு மாத்திரை போட்டும் தலை சுற்றியது.

முகாமுக்குப் பல ஸ்டேஷன்களிலிருந்து ஆட்களும் இன்ஸ்பெக்டர்களும் வந்திருந்தார்கள். பயிற்சி பெற்றவர் என்ற முறையில் அய்யாவுவும் வந்திருந்தார். யூனிஃபார்ம் வேண்டாம், மனம் லேசாக இருக்கட்டும் என்று சாதாரண உடையில் வரச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் லேசான மனதுடன் ரோல் கால் எடுத்தார்கள். எடுத்தவர் அய்யாவுவின் ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் நோயல். இவரும் மர்பி டவுன்காரர்தான். "அய்யாவு" என்றபோது அய்யாவு தன் குரலில் ஹாஜர் சொன்னார். கொஞ்சம் தள்ளி "ரங்கா" என்றபோது, குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல முகத்தை மறைத்துக்கொண்டு, தொண்டையை இளசாக்கி "ஹாஜர் சார்" என்றார். குரல் நடுவில் கீச்சிட்டுவிட்டது. நோயல் தலையைத் தூக்கி ஒரு நொடி பார்த்தார். பிறகு அடுத்த பெயருக்குப் போனார்.

முகாம் நன்றாகவே நடந்தது. மௌரீன் அம்மா எல்லோரையும் கண்ணை மூடி, ஒரு பச்சைப் புல்வெளியைக் கற்பனை செய்யச் சொன்னார். மண்டபமே அந்தக் கணத்தில் தூங்கிப்போனது. அப்படி ஒரு குறட்டையை அந்தக் கல்யாண மண்டபம் எந்த மாப்பிள்ளை வீட்டாரிடமும் கேட்டிருக்காது. பாவம், அந்த அம்மா அவர்களை எழுப்ப மனமில்லாமல் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டி.சி.பி. மட்டும், இவ்வளவு சீக்கிரம் பலன் தெரிகிறதே என்று பூரித்துப் போனார்.

அந்தப் பூரிப்பில்தான் வினை வந்தது. எல்லோரும் விழித்த பிறகு, திட்டத்தால் பயன்பெற்ற யாராவது மேடைக்கு வந்து நாலு வார்த்தை பேசட்டும் என்றார் டி.சி.பி. கோவிந்தப்பா சட்டென்று எழுந்தார். தங்கள் ஸ்டேஷனில் ரங்கா என்று ஒரு கான்ஸ்டபிள் இருக்கிறான், எரிமலையாக இருந்தவன், அய்யாவுவின் கவுன்சிலிங்கில் ஐஸ் கட்டியாகிவிட்டான் என்று பெருமையடித்தார். டி.சி.பி. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மண்டபம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கோவிந்தப்பா கழுத்தை நீட்டி வரிசை வரிசையாகத் தேடினார். நோயல் கூரையில் சுற்றும் ஃபேனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அய்யாவு எழுந்து நின்றார்.

"ரங்கா வரல சார். அவன் பேருக்கு ஹாஜர் சொன்னது நான்தான்."

ஏன் என்று டி.சி.பி. கேட்டார். அவர் குரலில் பூரிப்பு போய்விட்டிருந்தது.

"அவனுக்கு இன்னிக்கி வீக்லி ஆஃப் சார். பொண்டாட்டியப் பாக்கப் போயிருக்கான்."

பின் வரிசையில் யாரோ கை தட்டி, உடனே நிறுத்திக்கொண்டார்கள். அதன் பிறகு அய்யாவுக்கு வாய் நிற்கவில்லை. இரண்டு மாதமாக ஓய்வில்லாதவனுக்குக் கிடைத்த ஒரு நாளையும் பிடுங்கி, அதில் அவனை உட்காரவைத்து ஓய்வெடுப்பது எப்படி என்று பாடம் நடத்தினால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வான் என்று கேட்டார். மௌரீன் அம்மா மைக்கைப் பிடித்து, போன மாதம் வீக்லி ஆஃப் ஒன்றாவது எடுத்தவர்கள் கை தூக்குங்கள் என்றார். ஒரு கையும் எழவில்லை. டி.சி.பி. கவனிக்கப்படும் என்று சொல்லிவிட்டு, தனக்குப் போட்ட மாலையைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

எது கவனிக்கப்பட்டது என்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. டி.சி.பி.க்கு முன்னால் மானம் போன கோவிந்தப்பா, முகம் சிவக்க, அய்யாவுக்குத் தண்டனை அறிவித்தார். மூன்று மாதத்துக்கு வீக்லி ஆஃப் ரத்து. அய்யாவு சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டில் நின்று சிரித்தார். இல்லாத மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகிறார்களே என்று நினைத்து நினைத்துச் சிரித்தார். ரங்கா போன் செய்திருந்தான். சொர்ணம் குழந்தையோடு அவனுடன் கிளம்பிவிட்டாளாம், எதற்கும் லத்தி இனி ஸ்டேஷனிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாளாம். அய்யாவுக்கு மனம் நிறைந்துபோனது. அந்த நிறைவோடு மட்டும் நின்றிருக்கலாம். வீட்டில் போய்ச் சொன்னதுதான் தப்பு.

சின்னத்தாயி வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். அவர் முழுக் கதையையும் நடித்தே காட்டினார், கீச்சுக் குரலில் ஹாஜர் சொன்னது உட்பட. அவளும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். தண்டனையைச் சொன்னபோது அவள் கை நின்றது.

"ரத்து பண்ணாங்கன்னா, இவ்ளோ நாளா உனுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு இருந்துச்சா?"

இருந்தது, ஆனால் இல்லை என்று அய்யாவு இழுத்தார். சட்டம், அட்டவணை, பந்தோபஸ்து என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருக்க வேண்டிய விளக்கத்தை இப்போது சொன்னார். அவள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"அந்தப் பையன் பொண்டாட்டிக்காக ஒரு நாள் பொய் சொல்ல தைரியம் வந்துச்சு இல்ல? என் ஆயுசுல எனுக்காக ஒரே ஒரு தபா சொல்லணும்னு உனுக்குத் தோணவே இல்லியாய்யா?"

அவள் கோபப்பட்டிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் கோபப்படவில்லை. மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அய்யாவு வாசலிலேயே நின்றார். ஊரில் உள்ளவர்களின் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்ட மனிதருக்குத் தன் வீட்டில் ஒருத்தி இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் மாதம் லால்பாக்கில் மலர்க் கண்காட்சி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பந்தோபஸ்துக்கு ஆஃப் ரத்தானவரின் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தார்கள். காலையில் வாசலுக்கு அருகே மரத்தடியில் போலீஸ்காரர்களை வரிசையாக நிறுத்தி, நோயல் ரோல் கால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அய்யாவு" என்றார்.

வரிசையின் கோடியில் இருந்த ரங்கா, செருமிக்கொண்டு, கிழட்டுக் குரலில் "ஹாஜர் சார்" என்றான். சத்தம் டிக்கெட் வரிசைவரைக்கும் கேட்டது. நோயல் நிமிர்ந்தார். அவர் பார்வை ரங்காவிடம் போகவில்லை, டிக்கெட் வரிசைப் பக்கம் திரும்பியது. அங்கே வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அய்யாவு நின்றிருந்தார். பக்கத்தில் தலை நிறைய மல்லிகைப்பூவோடு சின்னத்தாயி. அய்யாவு பழக்க தோஷத்தில் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கி, பாதியில் தலையைச் சொறிந்துகொண்டார். நோயல் முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வரிசை நகர்வதாக இல்லை. பின்னாலிருந்து தள்ளினார்கள், நடுவில் புகுந்தார்கள், ஒரு குழந்தை காலை மிதித்துக்கொண்டு ஓடியது. சின்னத்தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சலித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா இது இவ்ளோ கும்பல்? இந்த போலீஸ்காரங்க எல்லாம் எங்க போய்த் தொலைஞ்சாங்க?"